வெந்நீருக்கு ஒரு மூடி

சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், புதுச் சிலிண்டர் மாட்டிய தேதியின்மேல் என் சகதர்மிணி பேனாவால் ஒரு சுழி போட்டுவைக்கும் வழக்கத்தை, அது கேவலம் வீட்டுச் செலவைப் பற்றிய விஷயம் என்று நெடுங்காலம் அலட்சியம் செய்துவந்த நான், அந்தச் சுழிகளுக்கிடையே பூமியின் உஷ்ணக் கணக்கும் அடங்கியிருப்பதைச் சென்ற மாதந்தான் உணர்ந்தேன்.

சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயு 14.2 கிலோ, அது எரிந்து தீரும்போது உண்டாகும் கரியமில வாயுவோ ஏறக்குறைய 42 கிலோ. பதினாலு எப்படி நாற்பத்திரண்டாயிற்று என்று எனக்கும் முதலில் மயக்கந்தான். 12 பங்கு கரி எரியும்போது, காற்றிலிருந்து 32 பங்கு பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு, 44 பங்கு கரியமில வாயுவாகிறது என்ற ரசாயன சாஸ்திரத்தின் பால பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்ததன் பலன் அது.

ஏ.ஸி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதிருப்பதும், 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறி பழுதானால் 30 வாட்டில் ஓடும் புது மாதிரியை வாங்குவதும் எல்லோரும் சொல்லும் யோசனைகள், அவற்றை விடுகிறேன். அடுப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிக்குமேல் சூடேறாதாகையால், உலை கொதித்த பிறகும் தீயை முழுவதும் திறந்துவைப்பவர்கள் ஆவியைப் பெருக்குகிறார்களேயன்றி அரிசியைச் சீக்கிரம் வேகவைப்பதில்லை. குக்கரிலோ ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் உஷ்ணம் 120 டிகிரியை எட்டுகிறது. முன்னதாக ஊறிய பருப்பு இரண்டொரு விசில் குறைவாகவே கேட்கிறது. (விறகடுப்புக்கே திரும்பிவிடலாமே என்னும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஊதுகுழலும் கண்ணீருமாக என் பாட்டியார் உட்கார்ந்திருந்த கோலத்தை நான் மறக்கவில்லை.)

இவ்வளவையும் ஒரு பிரசங்கமாகவே நான் செய்து முடித்தபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "பருப்பை ஊறப்போடுவது நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் நடக்கிறது, குளிக்கிற வெந்நீரை மூடாமல் அடுப்பில் போட்டுவிட்டுப் பேப்பர் படிக்க உட்காருகிறவர் யார்?" என்றாள்.

அந்தப் பாத்திரத்துக்கு மூடி வாங்கியதே இல்லை. இப்போதைக்கு ஒரு பழைய சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கொதி வந்ததும் கடகடவென்று ஆடி, பேப்பர் படிக்கவிடாமல் என்னை எழுப்பிவிடுகிறது.