மாரிக்கு முதல் அன்டெனா வயரைப் பாருங்கள்

ஸ்கந்தபுரம் உறவுகளே,

2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை நாங்கள் மறக்கவில்லை. 2004 சுனாமியில் அம்பாந்தோட்டையின் தொலைபேசிகள் செயலிழந்தபோது, கொழும்போடு தொடர்பு கொடுத்தது அமெச்சூர் வானொலிக்காரரின் சிற்றலைதான். கரண்டும் போனும் இல்லாத நேரத்தில் வானொலிதான் துணை.

ஆனால் நாங்கள் அன்டெனாவை உயர ஏற்றிவிட்டு, வயர் பொருத்தும் மூட்டை மழைக்கு விட்டுவிடுகிறோம். தண்ணீர் புகுவது அதற்குள்தான். செப்புப் பின்னலில் ஊறிப் பச்சை பிடித்தால் சிக்னல் போய்விடும்.

சாதாரண கரண்ட் டேப் மட்டும் போதாது, வெயிலில் கழன்றுவிடும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றுங்கள். கிடுகு வேய்வது போலக் கீழிருந்து மேலே சுற்றினால் தண்ணீர் வழிந்தோடும். வினாகிரி மணக்கும் சிலிக்கன் வேண்டாம். அது செப்பை அரிக்கும். வீட்டுக்குள் நுழைய முதல் வயரைக் கீழே வளைத்து விடுங்கள். துளி வெளியிலேயே விழும்.

வீடோ பாடசாலையோ, பள்ளிவாசலோ கோயிலோ, இது அரை மணி நேர வேலை. இடி முழங்கத் தொடங்கிய பிறகு கூரையில் ஏற ஏலாது. இந்தக் கிழமையே செய்வோம், இன்ஷா அல்லாஹ்.