எங்கள் தலைக்கு எண்ணெய் வைப்பது யார்?



பங்குனி பிறந்தால் போதும். "அந்தக் காலத்தில் வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். ஒரு தலைவலி உண்டா, ஒரு மூட்டுவலி உண்டா? இப்ப இருக்கிற பெண்களுக்கு எல்லாம் சோம்பேறித்தனம்!" என்று பெரியவர்கள் ஆரம்பித்து விடுவார்கள். கல்யாண வீடோ, கோவில் பிராகாரமோ, இந்தப் பேச்சு வராத இடமில்லை. நானும் எண்ணெய்க் குளியல் கட்சிதான். ஆனால் அது நம் வீடுகளை விட்டுப் போனதற்கு அவர்கள் சொல்கிற காரணம் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். பேர்தான் இளவேனில், வெயில் என்னவோ மண்டையைப் பிளக்கிறது. தோல் வறண்டு போவது, கண் எரிச்சல், ராத்திரி தூக்கம் வராமல் புரளுவது எல்லாம் இப்போதுதான். அதைத் தெரிந்துதான் இந்த நாளில் வேப்பம்பூ ரசம், நீர்மோர், பானகம் என்று வைத்தார்கள். அதோடு சேர்ந்தது எண்ணெய் முழுக்கு. சித்த மருத்துவம் நாலு நாளைக்கு ஒரு தரம் என்கிறது. வீட்டு வழக்கத்தில் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி.

இதில் ஆண்களின் சனிக்கிழமை எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். விடிகாலையில் நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சுவது நாம். சீயக்காய்த் தூளை வடிகஞ்சியில் கரைப்பது நாம். மாமனாருக்கு வெந்நீர் விளாவி வைத்து, பையனைத் துரத்திப் பிடித்து முதுகு தேய்த்து, அவர் "துண்டு எங்கே?" என்று கத்தும்போது ஓடிக் கொடுத்து... எல்லாரும் குளித்துவிட்டு ஃபேனுக்கடியில் உட்கார்ந்த பிறகு வழுக்குகிற பாத்ரூமைத் தேய்த்துக் கழுவுவதும் நாம். பிசுக்குத் துண்டு நாலையும் அலசிப் போட்டு, மிளகு ரசமும் பருப்புத் துவையலும் செய்து பரிமாறினால் மணி ஒன்று!

நமக்கென்று இருந்த வெள்ளிக்கிழமையோ? வாசல் தெளித்துக் கோலம், விளக்கு, பூஜை, டிபன் பாக்ஸ். "நான் அடுத்த வாரம் பார்த்துக்கறேன்" என்று சொல்லிச் சொல்லியே வருஷங்கள் போய்விட்டன. எண்ணெய்க் குளியல் போனது சோம்பேறித்தனத்தால் இல்லை சகோதரிகளே. எல்லாருக்கும் தேய்த்து விட்ட கை ஓய்ந்து போனதால்!

போன சித்திரையில் சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் வந்திருந்தாள். என் கால் வலியைப் பார்த்துவிட்டு, "கிளம்பும்மா" என்று பெண்களுக்கு மட்டும் எண்ணெய் மசாஜ் செய்கிற ஓர் இடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே வாங்கிய பணத்தைக் கேட்டதும் எனக்கு மயக்கமே வந்தது. "இந்தக் காசில் மூணு மாச நல்லெண்ணெய் வாங்கலாமேடி" என்று முணுமுணுத்துக் கொண்டேதான் உட்கார்ந்தேன். என் மகளை விடச் சின்னப் பெண் ஒருத்தி, சூடான எண்ணெயை என் உச்சந்தலையில் வைத்து மெதுவாக விரலால் அழுத்தினாள். அவ்வளவுதான்... எனக்குப் பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்து போய், "வலிக்குதா ஆன்ட்டி?" என்றாள். வலியில்லை. என் அம்மா போய் இருபது வருஷமாகிறது. அவளுக்குப் பிறகு என் தலையில் வேறொருவர் கை பட்டதே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து எதிர் வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் அப்படித்தாம்மா" என்றார். அன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை பத்தரை மணி; ஒரு வாரம் அவர் வீடு, ஒரு வாரம் என் வீடு. ஒருவருக்கொருவர் தேய்த்து விடுவோம். தலைக்கு விரல் நுனியால், தோளுக்கும் பிடரிக்கும் உள்ளங்கையால், பாதத்துக்குக் கட்டைவிரலால். அரை மணி ஊறிவிட்டு அவரவர் வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்போம். தண்ணீர்க் கஷ்டத்துக்கு இரண்டு வாளி போதும். ஆகிற செலவு ஒரு கரண்டி எண்ணெய்தான்.

அந்தக் காலத்தில் கிணற்றடியில் நாத்தனாரும் ஓரகத்தியும் செய்துகொண்டது இதைத்தானே! அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வருகிறது. மறுநாள் விடியற்காலை இருவரும் நடக்கப் போகும்போது கால் லேசாக இருக்கிறது. முன்பெல்லாம் தெருமுனை வரை போகவே எனக்கு அலுப்பு.

ஆனால் இதையே சர்வரோக நிவாரணி என்று சொல்பவர்களை நான் நம்ப மாட்டேன். எண்ணெய் தேய்த்தால் சர்க்கரை குறையாது, பி.பி. மாத்திரையை நிறுத்த முடியாது. தேய்க்கவே கூடாத நேரமும் உண்டு. என் ஓரகத்திக்கு ஓர் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கால் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தது. சுளுக்கு எடுக்கிறவர் பார்த்துவிட்டு, "நரம்பு பிசகியிருக்கு, நாலு நாள் எண்ணெய் போட்டு நீவினால் சரியாயிடும்" என்றார். நல்லவேளை, அவள் மகன் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். ஸ்கேனில் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. "அழுத்தித் தேய்த்திருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னபோது எங்களுக்குக் குலை நடுங்கியது.

அதனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால், காய்ச்சல் இருந்தால், எலும்பு முறிந்த சந்தேகம் இருந்தால் எண்ணெயைத் தொடாதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு உப்பு ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும். பாட்டிமார்கள் கோபித்தாலும் பரவாயில்லை, கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.

தீராத வலிக்கு நம் வைத்தியம்தான் வேண்டும் என்றால், படித்தவர்களிடம் போகலாமே! சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது விதம். தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964-இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல அரசு ஆஸ்பத்திரிகளிலும் சித்தப் பிரிவு உண்டு. விளம்பரத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கில் கொட்டுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய்க் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. எதிர் வீட்டு அக்கா ஊருக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, "இந்த வாரம் நீங்க கொஞ்சம் தலையில வச்சு விடுறீங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நானா!" என்று பேப்பரைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த என் மாமியார் என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்குப் படபடப்பு. அவரோ, "வச்சு விடேன்டா, முப்பது வருஷமா உனக்கு அவதானே வச்சு விடறா" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அப்படியே எனக்கும்..." என்றார். எழுபத்தெட்டு வயசு! அவரும் எத்தனை வருஷமாகக் காத்திருந்தாரோ?

சகோதரிகளே, இந்தச் சித்திரையில் உங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். அவர்கள் துண்டை அவர்களே அலசட்டும். வெள்ளிக்கிழமை வெந்நீரை அவர்கள் விளாவட்டும். மகனுக்கு அம்மாவின் பாதத்தைப் பிடித்துவிடக் கற்றுக்கொடுங்கள். நாளைக்கு வரப்போகிற மருமகள் உங்களை வாழ்த்துவாள். எண்ணெய்க் குளியல் நம் பாரம்பரியம் என்று மேடையில் பேசுகிறவர்கள், முதலில் அவரவர் வீட்டு அம்மாவின் தலையில் ஒரு கரண்டி எண்ணெய் வைக்கட்டும்.

நான் சொல்வது சரிதானே?

– ஒரு குடும்பத் தலைவி, திருச்சி.