ஒட்டாத பணம் என்னும் கட்டுக்கதை

உழைக்காமல் வந்த பணம் வீட்டில் தங்காது, வந்த வழியே போய்விடும், போகும்போது குடும்பத்தின் நிம்மதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும் என்னும் நம்பிக்கை தமிழ் பேசும் இடங்களிலெல்லாம் உண்டு. மூன்று புறமும் தமிழக மாவட்டங்களால் சூழப்பட்டு, கிழக்கே வங்கக் கடலைப் பார்த்துக் கிடக்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் பகுதியில் அது இன்னும் அழுத்தமாகவே பேசப்படுகிறது. சூதில் நாட்டை இழந்த நளனின் துயரம் தீர்ந்த தலம் எனக் கொண்டாடப்படும் திருநள்ளாறு அங்கே இருப்பதும் இதற்கொரு காரணமாகலாம். லாட்டரியில் பெரும்பரிசு விழுந்தவன் குடித்து அழிவான், உடன்பிறந்தாரோடு வழக்காடுவான், சில ஆண்டுகளில் பழைய நிலைக்கும் கீழே வந்து நிற்பான் என்று டீக்கடையில் பேசுவோரும் மேடையில் உபதேசிப்போரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். கேட்பதற்கு அறவுரை போலத் தோன்றும் இந்த நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது ஒரு குறை. ஏழையின் கைக்குப் பணத்தை ஆளத் தெரியாது என்னும் இழிவான எண்ணத்தை அது உள்ளே பொதிந்து வைத்திருப்பதும், லாட்டரியால் உண்மையிலேயே அழிந்தவர்களைக் கண்ணிலிருந்து மறைப்பதும் அதைவிடப் பெரிய குறைகள்.

ஆதாரம் என்று இந்த நம்பிக்கையாளர்கள் பெரும்பாலும் முன்வைப்பது, பரிசு வென்றவர்களில் 70 விழுக்காட்டினர் சில ஆண்டுகளில் ஓட்டாண்டியாகிறார்கள் என்ற எண்ணையே. அமெரிக்காவிலுள்ள தேசிய நிதிக் கல்வி அறக்கொடை என்னும் அமைப்பின் பெயரால் உலகெங்கும் பரவிய இந்த எண், தமிழ் நாளிதழ்களின் துணுக்குகளிலும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் உரைகளிலும் இடம்பிடித்தது. ஆனால் அந்த அமைப்பே 2018இல் அறிக்கை வெளியிட்டு, அத்தகைய எண் தன்னுடைய எந்த ஆய்விலும் இல்லை என்று மறுத்துவிட்டது. மறுப்பு வந்த பிறகும் அந்த எண் வழக்கொழியவில்லை. மக்கள் ஏற்கெனவே நம்ப விரும்பியதற்கு அது ஓர் அலங்காரமாக அமைந்ததே காரணம்.

உண்மையை அறிய வழியில்லாமல் இல்லை. பொருளியலாளர்கள் 'இயற்கைச் சோதனை' என்று ஒன்றைக் குறிப்பிடுவர். ஆய்வாளர் யாரும் திட்டமிடாமலேயே, தற்செயல் நிகழ்வொன்று மக்களை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு மட்டும் ஒரு மாற்றத்தைக் கொடுத்துவிடும் நிலையே அது. ஒரே மாதிரிச் சீட்டு வாங்கியவர்களில் ஒருவருக்குப் பரிசு விழுந்து மற்றவருக்கு விழாமல் போவதற்கு அவரவர் குணமோ படிப்போ சாதியோ காரணமில்லை என்பதால், இருவரையும் ஒப்பிட்டால் பணம் என்ன செய்தது என்பதைத் தெளிவாகக் காண முடியும். சுவீடனில் லிண்ட்குவிஸ்ட், ஓஸ்ட்லிங், செசாரினி ஆகிய மூவரும் இவ்வாறு பரிசுச்சீட்டு விளையாடிய 3,000க்கும் மேற்பட்டோரை, பரிசு விழுந்து 5 முதல் 22 ஆண்டுகள் கழிந்த பிறகு விசாரித்து, 2020இல் வெளியிட்ட ஆய்வில், பெருந்தொகை வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுக்குப் பிறகும் உயர்ந்தே இருந்தது என்றும் அது மங்கியதற்கான அறிகுறி இல்லை என்றும் காட்டினர். அதே நாட்டில் நடந்த இன்னோர் ஆய்வு, வென்றவர்கள் வேலையை உதறிவிடவில்லை, பரிசுத்தொகையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே அவர்களுடைய ஆண்டு ஊதியம் குறைந்தது என்றது. பணம் வந்ததும் புத்தி கெட்டு வேலையை விட்டுவிடுவான் என்று அடித்துச் சொல்வோர் இந்த ஒரு முடிவையாவது பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

மறுதரப்பில் எடுத்துக்காட்டப்படும் 1978ஆம் ஆண்டின் இலினாய் ஆய்வு, பரிசு வென்ற வெறும் 22 பேரை மட்டுமே கொண்டது; அத்தனை சிறிய கூட்டத்தை வைத்து மனித இயல்பைப் பற்றித் தீர்ப்பெழுத முடியாது. புளோரிடாவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு சற்று வலுவானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 50,000 முதல் 1,50,000 டாலர் வரை வென்றவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் திவாலாவதிலிருந்து தப்பினாலும், அதன் பிறகு திவால் மனுக்கள் கூடி, நடுத்தரத் தொகை கடனாளியின் நிலையைத் தள்ளிப்போட்டதேயன்றி நிரந்தரமாக மாற்றவில்லை என்று அது கண்டது. எனினும் இதில் கவனிக்க வேண்டியது, சிறுதொகை மட்டுமே வென்றவர்களைவிட இவர்கள் இறுதியில் மோசமாகிவிடவில்லை என்பதே. பணம் போதவில்லை என்று சொல்வது வேறு, பணமே கெடுத்தது என்று சொல்வது வேறு.

சுவீடனில் மருத்துவமும் முதியோர் ஓய்வூதியமும் அரசின் பொறுப்பு, அங்கே தங்கிய பணம் இங்கே தங்குமா என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான்; அதற்கான விடை கேரளத்தில் கிடைக்கிறது. 1967இல் தொடங்கப்பட்டு இன்றுவரை அரசே நடத்திவரும் கேரள லாட்டரியின் 2022ஆம் ஆண்டு ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் வென்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர், சில நாள்களிலேயே, இந்தப் பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று வெளிப்படையாக வருந்தினார். 'பார்த்தீர்களா' என்று அந்தச் செய்தியை எல்லோரும் சுட்டிக்காட்டினர். ஆனால் அவர் வருந்தியபோது பணம் இன்னும் அவர் கைக்கே வந்திருக்கவில்லை. அவர் குடிக்கவில்லை, ஊதாரித்தனம் செய்யவில்லை. பெயரும் முகமும் வீடும் தொலைக்காட்சியில் வந்துவிட்டதால், உதவி கேட்டு வாசலில் காலையிலிருந்து நின்ற கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் சொந்த வீட்டில் தங்க இயலாதவரானார் என்பதே நடந்தது. மகளின் திருமணத்துக்கும் பிள்ளையின் அறுவை சிகிச்சைக்கும் அடைக்க முடியாத கடனுக்கும் வேறு கதியில்லாத மக்கள் நிறைந்த ஒரு நாட்டில், ஒருவன் கையில் மட்டும் பணம் இருக்கிறது என்று ஊரறிய அறிவித்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அதைப் பணத்தின் சாபம் என்பது, அந்த வாசலில் நின்றவர்களின் வறுமையைப் பார்க்க மறுப்பதாகும்.

அந்த 25 கோடியும் முழுதாக வருவதில்லை. பத்தில் ஒரு பங்கான 2.5 கோடி முகவரின் தரகாகக் கழிகிறது, எஞ்சிய 22.5 கோடியில் 30 விழுக்காடு வருமான வரியாகப் பிடிக்கப்படுகிறது. வரியின் மீது விதிக்கப்படும் கூடுதல் வரியும் மேல்வரியும் பின்னால் வந்து சேர, அன்றைய விகிதப்படி கையில் நின்றது ஏறத்தாழ 12.88 கோடி. இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்லாத நிலையில், 25 கோடி என்று நம்பிப் பலருக்கு வாக்குக் கொடுத்துவிடும் ஒருவர் பின்னர் வரி அறிவிப்பைக் கண்டு திகைத்தால், அது அவருடைய ஒழுக்கக் குறைவாகுமா? கேரள அரசு இதை உணர்ந்து, வென்றவர்களுக்கு முதலீடு, வரி, வங்கி நடைமுறை ஆகியவற்றைக் கற்பிக்க ஒருநாள் வகுப்பு நடத்த முடிவு செய்தது. பணத்தை ஆள்வது பிறவிக் குணமன்று, கற்றுக்கொள்ளக்கூடிய திறமை என்பதை ஓர் அரசே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று.

காரைக்காலுக்கு இந்தச் சான்றுகூடத் தேவையில்லை, ஏனெனில் அதன் தெருக்களிலேயே மறுப்பு நிற்கிறது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இப்பகுதி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள மக்களுக்கு ஆறு மாத கால வாய்ப்பு அளிக்கப்பட்டது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களை ஊரார் 'சொல்தா' என்று அழைப்பர். அவர்களுக்கும் அவர்கள் மறைந்த பின் அவர்களுடைய விதவைகளுக்கும் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வந்தது. குடியுரிமைத் தாளில் கையெழுத்திட்ட வீட்டுக்கும் இடாத அண்டை வீட்டுக்கும் இடையே அடுத்த தலைமுறையில் விழுந்த பொருளாதார இடைவெளி, உழைப்பின் அளவை மட்டும் வைத்து விளக்க முடியாதது. நாணய மதிப்பின் வேறுபாடும் ஒரு கையெழுத்தும் சேர்ந்து அதை உண்டாக்கின. ஆயினும் அந்தப் பணம் ஒட்டாது என்று காரைக்காலில் யாரும் சொல்வதில்லை. அது வீடாக நின்றது, பிள்ளைகளின் படிப்பாக நின்றது, பாரிசுக்குப் போன பேரனின் பயணச்சீட்டாகவும் நின்றது. மாதந்தோறும், அளவாக, வங்கிக் கணக்கின் வழியே, எந்த நாளிதழிலும் புகைப்படம் வராமல் வந்தது என்பதே அந்தப் பணத்துக்கும் லாட்டரிப் பணத்துக்கும் உள்ள வேறுபாடு. அதைப் பெற்ற மனிதர்கள் வேறு மண்ணில் பிறந்தவர்கள் அல்லர்.

இனி, இந்த நம்பிக்கை மறைப்பதைப் பார்க்க வேண்டும். தமிழகத்தில் 1968இல் அண்ணா முதல்வராக இருந்தபோது அரசே தொடங்கிய பரிசுச்சீட்டு, இடையில் நின்றும் மீண்டும் தொடங்கியும் தொடர்ந்து, 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டபோது முடிவுக்கு வந்தது. அச்சடித்த சீட்டு போனதே தவிரச் சூது போகவில்லை. வெளிமாநிலக் குலுக்கலில் முதற்பரிசு பெறும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை முன்கூட்டிச் சொல்லிப் பணம் கட்டும் சட்டவிரோதச் சூதாட்டமே மூன்று எண் லாட்டரி. ஒரு துண்டுத் தாளில் விற்பவர் கையால் எழுதித் தரும் மூன்று இலக்கங்களே அதன் சீட்டு. கைப்பேசி வந்த பிறகு அந்தத் தாளும் தேவையற்றுப் போனது. பிற்பகலில் முடிவு தெரிந்துவிடும், மறுநாள் காலையில் மறுபடி கட்டலாம். காரைக்காலிலும் இதை விற்றோர் கைதான செய்திகள் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் சிறு பெட்டிகளாக வந்துகொண்டே இருக்கின்றன.

மூன்று இலக்க எண்கள் 000 முதல் 999 வரை ஆயிரம் உண்டு. பத்து ரூபாய் கட்டியவருக்கு 5,000 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், ஆயிரம் பேர் ஆளுக்கொரு எண்ணாகக் கட்டிய 10,000 ரூபாயில் ஒருவருக்கு 5,000 போக, மீதி 5,000 நடத்துபவரிடம் தங்கும். நீண்டகாலத்தில் ஓர் ஆட்டம் சராசரியாகத் திருப்பித் தரும் தொகையை 'எதிர்பார்ப்பு மதிப்பு' என்பர்; இங்கே கட்டிய ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் அது ஐந்து ரூபாய். தினக்கூலி பெறும் ஒருவர் நாள்தோறும் கட்டினால், அவருடைய பணத்தின் பாதி ஒழுங்காகவும் உறுதியாகவும் வேறொருவர் பைக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்பது இதன் பொருள். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியும் அவர் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் உயிரிழந்தனர். மூன்று எண் லாட்டரியில் விட்ட பணமும் அதனால் ஏறிய கடனும் அக்குடும்பத்தை அந்த முடிவுக்குத் தள்ளின. லாட்டரி குடியைக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை, ஆனால் இங்கே கெட்டது பரிசு விழுந்த குடியன்று. 2023 ஓணம் பம்பருக்கு 500 ரூபாய் விலையில் 75 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன, முதற்பரிசு ஒன்று. வென்ற ஒருவரின் பிற்கால வாழ்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் சமூகம், தோற்ற அத்தனை பேரையும் பற்றி ஒரு வரியும் பேசுவதில்லை.

பணம் ஒட்டாது என்னும் சொல் மெய்யானால், லாட்டரித் தொழில் நடத்துவோரிடமும் அது ஒட்டியிருக்கக் கூடாது. 2024 மார்ச்சில் வெளியான தேர்தல் பத்திர விவரங்களின்படி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடையளிக்கும் அந்தப் பத்திரங்களை நாட்டிலேயே மிக அதிகமாக வாங்கியது ஃபியூச்சர் கேமிங் என்னும் லாட்டரி நிறுவனமே. தொகை 1,368 கோடி ரூபாய். எந்தக் கையில் ஒட்டுகிறது, எந்தக் கையில் ஒட்டவில்லை என்பதை விதியின் கணக்கில் எழுதுவது இந்த வேறுபாட்டைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடும் வழியாகும்.

நளன் கதையும்கூட, ஊன்றிப் பார்த்தால், இந்த நம்பிக்கைக்குத் துணைநிற்காது. சூதில் திடீரென நாட்டை அடைந்தவன் புட்கரன். அவனைப் பணம் கெடுத்தது என்று கதை சொல்லவில்லை. அழிந்தது தோற்ற நளனும் அவன் மனைவி மக்களுமே. மகாபாரத மரபின்படி, தேரோட்டியாக மறைந்திருந்த நளன், வழியிலிருந்த தான்றி மரத்தின் காய்களையும் இலைகளையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்ன அரசன் இருதுபன்னனிடம் எண்ணின் நுட்பத்தையும் சூதின் நுட்பத்தையும் கற்றபோதே அவனைப் பிடித்திருந்த கலி அவன் உடலை விட்டு வெளியேறியது. கணக்கு தெரிந்ததால் விடுதலை கிடைத்தது என்று சொல்லும் அக்கதையின் நாயகன் பெயரால் திருநள்ளாற்றில் அமைந்த தீர்த்தத்தில் நீராடியவர்களிடம், இந்தச் சனிப்பெயர்ச்சியில் உங்கள் ராசிக்குத் திடீர்த் தனயோகம் உண்டு என்று சோதிடம் சொல்வது அந்தக் கதைக்குச் செய்யும் துரோகமாகும்.

ஆகவே, காரைக்காலில் இதைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் பரிசு விழுந்தவனின் கெட்ட காலத்தைக் கதையாகச் சொல்வதை நிறுத்த வேண்டும். மூன்று எண் சீட்டு எழுதும் கூலியாளைக் கைது செய்வதோடு நிற்காமல், அவனுக்கு மேலே இருந்து பணம் திரட்டுவோரைக் காவல்துறை தேடட்டும். ஆயிரத்தில் ஒன்று என்னும் கணக்கைப் பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் ஆசிரியர்கள் இந்தச் சீட்டை வைத்தே விளக்கட்டும். அடுத்த முறை கைதுச் செய்தி பெட்டிக்குள் வரும்போது, அந்தத் தெருவில் அன்று எத்தனை பேர் பணம் கட்டினார்கள், அவர்களில் எத்தனை பேர் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள் என்று செய்தியாளர்கள் கேட்டு எழுதட்டும்.