கலயத்தின் அடியில் கிடப்பது

கள்ளைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. இறக்கலாமா கூடாதா, கடை எந்தத் தெருவில் இருக்கலாம், இந்த வருஷம் ஏலம் எவ்வளவுக்குப் போனது என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. காரைக்காலில் புதுச்சேரி கலால் சட்டப்படி உரிமம் எடுத்தவர் இறக்கலாம், விற்கலாம். வாஞ்சூர் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் குற்றமாக இருப்பது இந்தப் பக்கம் தொழில். இந்த எல்லையைச் சுற்றியே பேசிப் பேசி ஒரு கேள்வியை விட்டுவிட்டோம்: கள்ளை நன்றாக இறக்கிக் கெடாமல் வைப்பது எப்படி? சட்டம் இடம் கொடுத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம்தான் இதைக் கேட்க வேண்டும். கிளிஞ்சல்மேட்டிலிருந்து நான் கேட்கிறேன்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி எனக்குள் வளர்ந்தது. பிரிட்டனில் 1963-ல் அதற்கு உரிமம் தேவையில்லை என்று ஆக்கினார்கள். அமெரிக்காவில் 1978-ல் சட்டம் வந்தது. அதன்பின் கார் ஷெட்டிலும் சமையலறையிலும் சாதாரண ஜனங்கள் இதை ஒரு கைத்தொழிலாகவே வளர்த்தெடுத்தார்கள். முளைகட்டிக் காயவைத்த பார்லியை நொறுக்கி, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடித்து, ஹாப்ஸ் பூ போட்டு, இன்னொரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். செம்புக் குழாய்ச் சுருளை உள்ளே இறக்கித் தண்ணீர் ஓடவிட்டு வேகமாக ஆறவைக்கிறார்கள். பிறகு அளந்து ஈஸ்ட் சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி, 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் நாள் கணக்கில் விடுகிறார்கள். இத்தனையிலும் அவர்கள் அதிகப் பொழுதைச் செலவிடுவது பாத்திரம் கழுவுவதில். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவதும் அதைத்தான்.

பனையும் தென்னையும் இந்த வேலையில் முக்கால் பங்கை மரத்திலேயே முடித்துத் தந்துவிடுகின்றன. முளைகட்ட வேண்டாம், ஊறவைக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம். சீவிய பாளையிலிருந்து வடிவது நேரடியாகச் சர்க்கரைத் தண்ணீர்தான். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு சர்க்கரை. பாளை அரிவாள், இடுக்கி, கலயம், கால் தளை போதும். இந்த எளிமையால்தான் கள் ஏழை வீட்டுப் பானமாக இருந்தது.

அதன் பலவீனமும் இதே இடத்தில்தான். பீர் ஒரு மணி நேரம் கொதிக்கும்போது அதிலுள்ள கிருமிகள் செத்துவிடும். அதன்பின் உள்ளே எது வளர வேண்டும் என்பதைக் காய்ச்சுகிறவர் முடிவு செய்கிறார். கள் கொதிப்பதே இல்லை. பாளையிலிருந்து சொட்டும்போதே, கலயத்தில் ஏற்கெனவே ஒட்டிக்கிடப்பதும் காற்றும் ஈயும் எறும்பும் கொண்டுவருவதும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. கூடவே சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் அதே வேலையைச் செய்கிறது. மெக்சிகோவில் கற்றாழை இனச் செடியிலிருந்து எடுக்கும் புல்கே என்ற பானத்திலும் இருப்பது இதுதான். தயிரைப் புளிக்கவைக்கிற வகைப் பாக்டீரியா ஒரு பக்கம் புளிப்பேற்றுகிறது. கடைசியில் வருவது அசிட்டிக் பாக்டீரியா. காற்று கிடைத்தால் போதும், சாராயத்தை வினிகராக மாற்றிவிடும். காலையில் இனித்து, மதியம் நுரைத்து, மறுநாள் மூக்கைப் பிடிக்கவைக்கிற கள்ளின் வாழ்க்கை முழுவதும் இந்த நான்கு பேரின் போட்டிதான். மரத்தின் குணம், மண்ணின் குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கலயத்தின் குணம்.

எங்கள் பக்கத்தில் மரம் ஏறும் பெரியவர் ஒருவர் கலயம் கழுவுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பன்னாடையில் கள்ளை வடித்த பிறகு, அடியில் தங்கும் வெண்சாம்பல் நிறக் குழம்பைக் கொஞ்சம் விட்டுவைத்து, ஒரு கை தண்ணீர் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொட்டினார். சுவரில் வழவழவென்று ஒரு படலம் அப்படியே இருந்தது. ஏன் தேய்த்துக் கழுவவில்லை என்று கேட்டேன். "எல்லாத்தையும் கழுவிப்புட்டா நாளைக்குக் கள்ளு நொரைக்காது தம்பி. கொஞ்சம் மண்டி கெடக்கணும்" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. மண்டியில் இருப்பது உயிருள்ள ஈஸ்ட். பீர்க்காரர்களும் ஒரு தடவை அடியில் தங்கிய ஈஸ்ட்டை அடுத்த தடவைக்கு எடுத்துவைப்பார்கள். ஆனால் அதே மண்டியில், அதே மண் சுவரின் துளைகளில், புளிப்பேற்றும் கிருமிகளும் குடியிருக்கின்றன. அவரிடம் நான் சொல்ல விரும்பியது இதுதான். நன்றாக வந்த கள்ளின் மண்டியை மட்டும், வெந்நீரில் அலசிய ஒரு புட்டியில் எடுத்து, மூடியைத் தளர்வாக வைத்துக் குளிரில் காப்பாற்றுங்கள். கலயங்களை நார் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். மறுநாள் ஏறும்போது புட்டியிலிருந்து ஒரு கரண்டி. ஆப்பத்துக்குக் கள் ஊற்றி மாவைப் புளிக்கவைத்த வீடுகளுக்கு இது புதிய வித்தையே இல்லை.

ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றுவதில்தான் பீரின் நவீன வரலாறே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், 1870 போரில் ஜெர்மனியிடம் தோற்ற வேதனையோடு லூயி பாஸ்டர் பீர் ஆராய்ச்சியில் இறங்கினார். ஜெர்மன் பீரை மிஞ்ச வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1876-ல் வந்த அவருடைய நூல், பீர் கெட்டுப்போவதற்கு வேற்றுக் கிருமிகளே காரணம் என்று காட்டியது. 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய இனத்தை வளர்த்தெடுத்தார். கார்ல்ஸ்பெர்க் அதைப் பூட்டிவைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை சைகோனில் நடந்தது. காரைக்கால், புதுச்சேரித் தமிழர்கள் பலர் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போன அதே சைகோன். அங்கே 1891-ல் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கிய ஆல்பர்ட் கல்மெத், வியட்நாம் வீடுகளில் அரிசிச் சாராயத்துக்குப் போடும் ஈஸ்ட் உருண்டைகளை ஆராய்ந்து, அதிலிருந்த பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். நம் குழந்தைகளின் தோளில் தழும்பு விடும் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பின்னாளில் சக ஆய்வாளர் குவெரினோடு சேர்ந்து உருவாக்கியவரும் இவர்தான். அவருடைய கண்டுபிடிப்பு பெரிய ஆலைகளுக்குப் போயிற்று. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காலனி அரசு சாராயத்தை ஏகபோகமாக்கி, வீட்டில் காய்ச்சுவதைக் குற்றமாக்கியது. கிராமத்துப் பெண்களின் கையில் இருந்த நுட்பத்தை ஆராய்ந்து எடுத்துக்கொண்டு, அவர்கள் கையையே கட்டிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. நம் மரமேறியின் அறிவை ஆராய்கிறவர்கள், ஆராய்ந்ததை அவருக்கே திருப்பித் தர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சாதனங்களுக்கு வருகிறேன். முதலாவது குளிர். சித்திரை, வைகாசியில் பகல் முழுக்க மரத்தில் தொங்கும் கலயத்தில் புளிப்பு ஓடுகிற ஓட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், பாளையிலேயே கட்டித் தொங்கவிடும் ஐஸ் பெட்டி ஒன்றை வடிவமைத்திருக்கிறது. நீரா என்ற புளிக்காத இனிப்புச் சாற்றைச் சுண்ணாம்பே தடவாமல் இறக்குவதற்காகச் செய்தது. கள்ளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். இறக்கியவுடன் குளிர்வித்தாலே நிறைய நேரம் கிடைக்கும். மீன்பிடிக்கும் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? தெர்மக்கோல் பெட்டி இல்லாத வீடு உண்டா? மீன் வைத்த பெட்டியைத் தொடக்கூடாது, ஐஸ் கள்ளுக்குள் விழக்கூடாது, இரண்டே நிபந்தனை.

இரண்டாவது காற்று. அசிட்டிக் பாக்டீரியாவுக்குக் காற்று இல்லாமல் பிழைப்பில்லை. ஆனால் நாமோ வாய் திறந்த பானையில் வைத்து, மொண்டு மொண்டு விற்கிறோம். பீர்க்காரர்கள் பாத்திரத்தின் மூடியில் ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீரில் முக்கிவைக்கிறார்கள். உள்ளே உண்டாகும் வாயு குமிழ் குமிழாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. ஒரு முழ ரப்பர் குழாயும் ஒரு தண்ணீர்ப் புட்டியும்தான் செலவு. நுரைக்கிற கள்ளைப் புட்டியில் அடைத்து இறுக்க மூடினால் மட்டும் ஆபத்து, கண்ணாடி வெடித்துவிடும்.

மூன்றாவது அளவு. பால்காரரின் லாக்டோமீட்டர் மாதிரி ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழல் உண்டு. தண்ணீரில் 1.000 காட்டும். நூற்றுக்குப் பன்னிரண்டு சர்க்கரையுள்ள சாற்றில் மிதந்து 1.048 காட்டும். சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். 1.010-க்கு வந்துவிட்டால், வித்தியாசமான 0.038-ஐ 131-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5 சதவீதம் சாராயம். இந்த ஒரு குழலைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தால், கள்ளில் தண்ணீர் விளாவியதும் சர்க்கரை கரைத்ததும் எளிதில் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

மாத்திரை கலந்தால் இந்தக் குழலுக்குத் தெரியாது. 2025 ஜூலையில் ஹைதராபாத்தின் கூகட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள். தூக்க மாத்திரைச் சரக்கு கலந்ததாகத் தெரியவந்தது. நல்ல கள்ளைக் கெடாமல் வைக்கத் தெரியாத இடத்தில்தான் கெட்டதற்குப் போதை ஏற்றி விற்கிற வியாபாரம் புகுகிறது. போலீஸ் மட்டும் இதைத் தடுத்துவிடாது.

இலங்கையின் வடக்கில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் பனங்கள்ளைச் சூடாக்கிப் பதப்படுத்திப் புட்டியில் அடைத்து விற்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை 1980-களிலேயே பனங்கள்ளின் ஈஸ்ட்டுகளைப் பிரித்து ஆராய்ந்தது. நமக்குச் செருமாவிலங்கையில் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டில் கள்ளுத் தடை வந்த அதே 1987-ல் பிறந்ததுதான் அதுவும். காரைக்கால் மரங்களின் மண்டியிலிருந்து நல்ல ஈஸ்ட் இனங்களைப் பிரித்து, காயவைத்துப் பொட்டலம் போட்டு, உரிமம் உள்ள ஒவ்வொரு மரமேறிக்கும் இலவசமாகக் கொடுப்பதற்கு ஒரு சிறு அறையும் இரண்டு மாணவர்களும் போதும். கள்ளுக்கடை ஏலத்தில் வரும் பணத்தில் ஒரு துளியைக் கலால் துறை இதற்கு ஒதுக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் புளித்துப்போவது புளித்துத்தான் போகும். அதைச் சாக்கடையில் கொட்ட வேண்டியதில்லை. அகல வாய் ஜாடியில் ஊற்றி, துணி கட்டி, நிழலில் சில வாரங்கள் விட்டால் கள் வினிகர். கோவாவில் தென்னங்கள் வினிகர் இல்லாமல் கிறிஸ்தவ வீடுகளின் சமையல் நடக்காது. நம் வீட்டு இறால் ஊறுகாய்க்கு அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்த செயற்கை வினிகரைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். அடுத்த முறை ஊறுகாய் போடுகிறவர்கள் கள் வினிகரில் ஒரு பாட்டில் போட்டுப் பாருங்கள்.