ஐந்தாவது விண்ணப்பம்

உலகத்தில் எத்தனையோ உத்தியோகங்கள் இருக்கின்றன. கலெக்டர் ஆவதற்குப் பரீட்சை உண்டு. பஸ் ஓட்டுவதற்கு லைசென்ஸ் உண்டு. பல் பிடுங்குவதற்குக் கூடப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். குடும்பத் தலைவன் என்னும் உத்தியோகத்துக்கு மாத்திரம் பரீட்சையும் கிடையாது, பட்டமும் கிடையாது, சம்பளமும் கிடையாது. நம் வீட்டில் அந்தப் பதவியும் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று அச்சாகியிருப்பது நம் தர்மபத்தினியின் பெயர். வரவு செலவுக் கணக்கும் அவள் கையில். ஆகவே தகப்பன் என்ற முறையில் நமக்கென்று பாக்கியிருக்கும் ஒரே அதிகாரம், இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபத்தை நடத்தி வைப்பதுதான்.

இந்தப் பத்தியில் 'நாம்' என்று எழுதுகிறோமே, அதில் வீட்டார் எல்லாரும் அடக்கமா என்று நம் மனைவி ஒரு சமயம் கேட்டாள். "ஆம்" என்றோம். "அப்படியானால் எழுதுவதற்கு முன் எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றாள். ஆகையால் இவ்வாரத்துச் சமாசாரத்தை முன்கூட்டியே அவளிடம் வாசித்துக் காட்டி, அனுமதி பெற்றே அச்சுக்கு அனுப்பியிருக்கிறோம். இரண்டு இடங்களில் திருத்தமும் செய்தாள். எந்த இடங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டோம்.

நம் வீட்டுக் குடும்ப ஜெபம் எப்படி நடைபெறும் என்று நேயர்கள் அறிய வேண்டாமா? கூடத்தில் பாய் விரித்தாகும். பன்னிரண்டு வயதான மூத்த பெண், எட்டு வயதுப் பையன், ஐந்து வயதுக் கடைக்குட்டி ஆகிய மூவரும் வரிசையாக உட்காருவார்கள். முதலில் பாட்டு. இங்கேயே தகராறு ஆரம்பமாகிவிடும். நமக்கு ஞானப்பாட்டில் பிரியம். அது ஜெர்மானிய நாட்டிலிருந்து கப்பலேறி வந்த மெட்டு; அவசரமில்லாமல், பெரிய மனிதர் உலாவுவது போல் நடக்கும். குழந்தைகளுக்கோ கீர்த்தனையில்தான் ஆசை. அது நம் நாட்டு ராகத்தில் தாளத்தோடு துள்ளி வரும். ஒரு நாள் அது, ஒரு நாள் இது என்று சமாதான உடன்படிக்கை செய்துகொண்டிருக்கிறோம்.

பிறகு வேதவாசிப்பு. அதன் பின் நம்முடைய ஜெபம். நம் ஜெபம் சுருக்கமானது என்றே வெகு நாள் எண்ணியிருந்தோம். ஒரு நாள் உலக சமாதானத்துக்காகக் கண்ணை மூடி மனமுருகி வேண்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது.

"அப்பா இப்போது எங்கே இருக்கிறார்கள்?"

"ஆப்பிரிக்காவில்."

"ஐயோ! ஊர் வந்து சேர இன்னும் வெகு நேரம் ஆகுமே!"

அன்று ஆப்பிரிக்காவிலிருந்து நேராக ஆமென் சொல்லி இறங்கிவிட்டோம்.

நாம் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். இரவு எட்டு மணிக்குத் தகப்பன் பாயில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்னும் பொறுப்பை நம் தலையில் கட்டிய புண்ணியவான் மார்ட்டின் லுத்தர். 1529-ஆம் வருஷம் அவர் 'சிறிய ஞானோபதேசம்' என்று ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டார். பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் முதலியவற்றைக் குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிதாகக் கற்பிக்க வேண்டிய முறை இது என்று அதன் பாடங்களுக்குத் தலைப்பும் கொடுத்தார். 1706-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தரங்கம்பாடிக் கரையில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர் அதைத் தமிழில் ஆக்கித் தந்தார். விட்டன்பர்க் நகரத்துத் தகப்பன்மார் பட்ட பாட்டை நம்மவர்களும் அன்று முதல் பட்டு வருகிறார்கள்.

லுத்தரைப் படத்தில் பார்த்தால், சிரிப்பு என்பதையே அறியாத கனவான் என்று தோன்றும். உண்மை அப்படியன்று. 1522-ஆம் வருஷத்தில் அவர் விவாக வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு தகப்பன் விசுவாசத்தோடு தன் குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைத்தால், அக்கம்பக்கத்தார் அவனைப் பெண்பிள்ளைத்தனம் உள்ளவன் என்று நகைக்கலாம். ஆனால் கடவுளும் தேவதூதர்களும் அவனைக் கண்டு மகிழ்கிறார்கள் என்பது அதில் அவர் சொல்லும் கருத்து. எவ்வளவு அழகான உபதேசம்! இதில் ஒரு சிறு வேடிக்கை உண்டு. இதை எழுதிய காலத்தில் அவர் கலியாணமாகாத துறவி. குழந்தைத் துணியைக் கொடியில் கண்டிருப்பாரே யொழியக் கையில் தொட்டிருப்பாரோ என்பது சந்தேகந்தான். கடவுள் அதையும் கவனித்திருக்க வேண்டும். 1525-ஆம் வருஷத்தில், கன்னிமடத்தை விட்டு வந்த காத்தரீனா அம்மையாரை அவர் மணந்தார். அடுத்த வருஷமே பிள்ளை பிறந்தது. பிறகு மேலும் ஐந்து. துணிக்குப் பஞ்சமே இல்லை.

அந்த அம்மையார் தோட்டம் போட்டார், பன்றி வளர்த்தார், பீர் காய்ச்சினார், பழைய மடத்தையே வீடாக்கி அதில் வந்து தங்கிய மாணாக்கர்களுக்கெல்லாம் சோறு போட்டார். போப்பாண்டவரையும் சக்கரவர்த்தியையும் எதிர்த்து நின்ற லுத்தர், மனைவிக்கு எழுதிய கடிதங்களில் அவரை வேடிக்கையாக 'பிரபு' என்று அழைத்தார். ரேஷன் கார்டு விஷயத்தில் நாம் தனியாள் அல்ல என்று இதைப் படித்தபோது நமக்கு எவ்வளவு ஆறுதலாயிருந்தது!

இனி நம் சொந்த வியவகாரத்துக்கு வருவோம். சற்று வெட்கத்தோடுதான் வருகிறோம்.

நமக்கு ஒரு தமையனார் உண்டு. தகப்பனார் காலமான பிறகு பாகப் பிரிவினை நடந்தது. வீடு, நிலம், பித்தளை அண்டா எல்லாம் ஒழுங்காகவே பிரிந்தன. கொல்லைப்புறத்துத் தென்னை மரம் ஒன்று மாத்திரம் பிரிய மறுத்துவிட்டது. அதன் வேர் எல்லைக் கல்லுக்குத் தெற்கே அண்ணனுடைய மண்ணில் இருக்கிறது. தலையோ வடக்கே நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. காய் விழுவதெல்லாம் நம் கொல்லையில். வேர் யாருடையதோ காய் அவருடையது என்றார் அண்ணன். ஓட்டை உடைப்பது எவருடைய ஓட்டையோ காய் அவருடையது என்றோம் நாம். பேச்சு முற்றியது. வக்கீல் நோட்டீசும் போயிற்று. அந்த நோட்டீசுக்குக் கொடுத்த பணத்துக்குச் சந்தையில் ஒரு வண்டித் தேங்காய் வாங்கியிருக்கலாம்.

அன்று முதல் மூன்று வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. கோவிலில் நற்கருணைக்குப் போகும்போது, அவர் முதல் பந்தியில் முழங்காற்படியிட்டால் நாம் மூன்றாம் பந்தி வரையில் காத்திருப்போம். நாம் முந்திக்கொண்டால் அவர் காத்திருப்பார். ஒரே அப்பம், ஒரே பாத்திரம். ஆனால் இடையில் ஒரு தென்னை மரம் நின்றது.

சென்ற மாதத்தில் ஒரு நாள் இரவு, கடைக்குட்டிக்குப் பரமண்டல ஜெபம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதில் ஏழு விண்ணப்பங்கள். நாலாவது விண்ணப்பம் அன்றன்றைய ஆகாரத்தைப் பற்றியது. ஆகாரம் என்றால் சோறு மாத்திரம் அல்ல. உடுக்கை, வீடு, நிலம், கால்நடை, நல்ல மழை எல்லாம் அதில் அடக்கம் என்று லுத்தர் ஒரு பெரிய ஜாபிதாவே கொடுத்திருக்கிறார்.

"தேங்காயும் உண்டா, அப்பா?" என்றான் பையன்.

"சந்தேகமில்லாமல் உண்டு" என்றோம். நம் கட்சிக்கு வேதசாஸ்திர ஆதாரம் கிடைத்துவிட்ட சந்தோஷம் நமக்கு.

மூத்தவள் புத்தகத்தை எடுத்து அந்த ஜாபிதாவை விரலால் தொட்டுக்கொண்டே கடைசி வரையில் படித்தாள். "நல்ல அயலாரும் இதில் உண்டாம், அப்பா" என்றாள்.

விஷயம் கோணலாகப் போவதைக் கண்டு, சட்டென்று ஐந்தாவது விண்ணப்பத்துக்குத் தாவினோம். கொதிக்கும் சட்டியிலிருந்து அடுப்பிலே விழுந்த கதையாயிற்று. நமக்குக் குற்றம் செய்தவர்களை நாம் மன்னிப்பது போல் நம்மையும் மன்னிக்கும்படி கேட்பது அந்த ஐந்தாவது விண்ணப்பம்.

கடைக்குட்டி அதை ஒரு தரம் சொன்னாள். இரண்டாம் தரம் பாதியில் நிறுத்தினாள். "பெரியப்பாவும் இதில் உண்டா?" என்று கேட்டாள்.

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. சுவரில் இருந்த பல்லி கூட நம் பதிலுக்குக் காத்திருந்தது போல் தோன்றிற்று. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பெரியப்பாவை அப்பா எப்போதோ மன்னித்தாயிற்று, கண்ணே! மன்னிப்பது வேறு, பேசுவது வேறு" என்றோம்.

வெகு சாமர்த்தியமான பதில் என்றே நினைத்தோம். மூத்தவள் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு, "அப்படியானால் ஆண்டவரும் நம்மை மன்னித்துவிட்டு, நம்மோடு பேசாமலே இருந்துவிடுவாரா, அப்பா?" என்றாள்.

குறும்புக்காக அவள் கேட்கவில்லை. உண்மையாகவே பயந்து கேட்டாள். அதுதான் நம்மைச் சுட்டது. நாம் விசுவாசத்தைக் கற்பிப்பதாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று வருஷமாகக் குழந்தைகள் நம்மிடம் கற்றதோ, பேசாதிருப்பதற்குப் பெயர் மன்னிப்பு என்பது. ஒரு தென்னை மரத்துக்காகக் கடவுளையே நம் போன்ற ஒருவராக அவர்களுக்குக் காட்டிவிட்டோமே!

நம் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் டார்ச் விளக்கை எடுத்து வந்து நம் கையில் கொடுத்தாள்.

கொல்லை வழியாக அண்ணன் வீடு நாற்பது தப்படி தூரம். அந்த நாற்பது தப்படியை நடக்க நமக்கு மூன்று வருஷம் பிடித்தது. போய்ச் சேர்ந்தபோது அங்கேயும் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நடுவில் புகுவது முறையல்லவே என்று வெளித் திண்ணையில் நின்றோம். அண்ணன் அப்போது உலக சமாதானத்துக்காக வேண்டிக்கொண்டிருந்தார்! கொசு கடித்தது. நம் குழந்தைகளின் கஷ்டம் நமக்கு அன்றுதான் நன்றாக விளங்கியது. ஒருவாறு கடல் தாண்டி ஊர் வந்து சேர்ந்தார். உற்றார் உறவினர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நம் மனைவியின் பெயர் வந்தது. நம் மூன்று குழந்தைகளின் பெயர்களும் வந்தன. நம் பெயர் மாத்திரம் வரவில்லை.

கோபித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. நம் ஜெபத்திலும் மூன்று வருஷமாக அண்ணியின் பெயர் உண்டு. அண்ணனுடைய பெயர் இல்லை. ஒரே தகப்பனார் வளர்த்த பிள்ளைகள் அல்லவா?

ஆமென் சொன்னதும் கதவைத் தட்டினோம். அண்ணி திறந்தார்கள். "வாருங்கள் தம்பி, சாப்பாடு ஆயிற்றா?" என்றார்கள், நேற்றுத்தான் வந்து போனவரைக் கேட்பது போல. அண்ணன் நம்மையும் டார்ச் விளக்கையும் ஏற இறங்கப் பார்த்தார். "இருட்டில் பாம்பு கிடக்கும். வாசல் வழியாக வரக்கூடாதா?" என்றார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன பிரசங்கத்தில் ஒரு வாக்கியம் கூட நம் வாயில் வரவில்லை. அவருக்கும் வேறொன்றும் வரவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டோம். தேங்காய்த் துவையல் போட்டார்கள். அது எந்த மரத்துத் தேங்காய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

லுத்தரின் வாழ்க்கையில் இன்னொரு சம்பவம் உண்டு. 1542-ஆம் வருஷத்தில் அவருடைய அருமை மகள் மக்தலேனா பதின்மூன்று வயதில் மரணப் படுக்கையில் கிடந்தாள். இந்தத் தகப்பனிடம் இருக்கப் பிரியமா, அந்தத் தகப்பனிடம் போகப் பிரியமா என்று அவர் அவளைக் கேட்டார். கடவுள் சித்தம் போல் ஆகட்டும் என்று குழந்தை சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் தேறுதல் சொன்ன பண்டிதர் கட்டிலருகே முழங்காலில் நின்று தேம்பி அழுதார். தாம் டாக்டர் பட்டம் பெற்றவராயினும், ஞானோபதேசத்துக்கு என்றும் ஒரு குழந்தையாகவும் மாணாக்கனாகவுமே இருக்க வேண்டியிருக்கிறது என்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். அது வெறும் பணிவுக்காகச் சொன்ன பேச்சல்ல என்று இப்போது நமக்குத் தெரிகிறது. பாயின் தலைமாட்டில் தகப்பன் உட்காருவதால் அவன் உபாத்தியாயர் ஆகிவிடமாட்டான். முதல் பெஞ்சு மாணாக்கன், அவ்வளவுதான்.

நேயர்கள் தென்னை மரம் என்னவாயிற்று என்று கேட்பார்கள். அது இன்னும் சாய்ந்தே நிற்கிறது. பாத்தியதை யாருக்கென்று இன்னும் தீர்மானமாகவில்லை. போன வாரம் மரமேறி வந்தபோது முப்பத்தைந்து காய் விழுந்தது. ஆளுக்குப் பதினேழு எடுத்துக்கொண்டோம். மிஞ்சிய ஒன்றைப் பற்றி அண்ணனும் நாமும் மறுபடியும் வாய் திறப்பதற்குள், அண்ணியும் நம் மனைவியும் அதை உடைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே பந்தியில் முழங்காற்படியிட்டோம்.

வீட்டில் எல்லாருக்கும் திருப்தி. குழந்தைகளுக்கு மாத்திரம் ஒரு குறை: அப்பாவின் ஜெபம் முன்னிலும் ஒரு பெயர் நீண்டுவிட்டதாம்.