போருக்கு மட்டுமா விமானப்படை?

"போர் வந்தால்தான் விமானப்படைக்கு வேலை. மற்ற நாளெல்லாம் வெட்டிச்செலவு." பட்ஜெட் வரும்போதெல்லாம் இந்தப் பேச்சும் கிளம்பிவிடுகிறது. விவரம் தெரிந்தவர்களே இப்படிச் சொல்வதுதான் வருத்தம்.

மற்ற நாளில் என்ன வேலை என்கிறார்கள். சோஜிலா கணவாய் பனியில் மூடிக்கொண்டால் கார்கில்காரர்களுக்கு ஸ்ரீநகர் போகச் சாலை கிடையாது. நோயாளிகளையும் தேர்வெழுதப் போகும் மாணவர்களையும் ஏற்றிச் செல்வது விமானப்படையின் ஏஎன்-32 விமானம். புனேயில் இறங்கும் பயணிகள் விமானங்கள் விமானப்படையின் ஓடுபாதையில்தான் இறங்குகின்றன. 2024 மார்ச்சில் குன்னூர் காட்டில் தீ பிடித்தபோது மேலிருந்து தண்ணீர் கொட்டியதும் விமானப்படை ஹெலிகாப்டர்தான்.

"மீட்புப் பணியெல்லாம் கேமராவுக்காக" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதைச் சொல்பவர்கள் 2013 ஜூனில் உத்தராகண்ட் வெள்ளத்தின்போது நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயரம் கூடக்கூடக் காற்று மெலியும்; ஹெலிகாப்டரின் தூக்கும் திறனும் குறையும். அதனால் எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, அந்த எடைக்கு ஆட்களை ஏற்றுவார்கள். அப்படியானால் எரிபொருள் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். சாலைகளோ அடித்துச் செல்லப்பட்டுவிட்டன. தராசு என்ற ஊரின் குட்டையான ஓடுபாதையில் சி-130ஜே என்ற பெரிய விமானத்தை இறக்கி, அது கொண்டுவந்த எரிபொருளை ஹெலிகாப்டர்களுக்கு நிரப்பினார்கள். நினைத்த மாத்திரத்தில் செய்கிற வேலையில்லை இது. அந்த ஜூன் 25 அன்று கௌரிகுண்ட் அருகே ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்து 20 பேர் இறந்தார்கள். விமானப்படையினர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் என அத்தனை பேரும் மக்களை மீட்கப் போனவர்கள். அவர்கள் செய்ததை விளம்பரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"இதைத் தனியாரே செய்யலாமே" என்பார்கள். உத்தராகண்டில் தனியார் ஹெலிகாப்டர்களும் பறந்தன; அந்த உதவியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2023 ஏப்ரலில் சூடானின் வாடி சைட்னாவுக்கு எந்தத் தனியார் போயிருப்பார்? உள்நாட்டுப் போர் நடக்கிறது. சேதமடைந்த ஓடுபாதை, விளக்கு கிடையாது, எரிபொருள் கிடையாது. இருட்டில் பார்க்க உதவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நள்ளிரவில் விமானத்தை இறக்கி, எஞ்சினை அணைக்காமலே, அங்கே சிக்கியிருந்த 121 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள் விமானப்படையினர். போருக்காகப் பல ஆண்டு பழகிய கை அது. போர் வேலை வேறு, பொதுமக்கள் வேலை வேறு என்று பிரித்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

2021 ஏப்ரலில் கொரோனாவால் ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்தபோதும் அப்படித்தான். டெல்லியில் மருத்துவமனைகள் திணறின. ஆக்சிஜன் ஆலைகளோ கிழக்கு மாநிலங்களில். திரவ ஆக்சிஜன் நிரம்பிய டேங்கரை விமானத்தில் ஏற்றினால், ஆவியாகிக் கசியும் ஆக்சிஜனால் தீ விபத்துக்கு இடமாகிவிடும். அதனால் காலி டேங்கர்களை மட்டும் சி-17 விமானத்தில் டெல்லியை ஒட்டிய ஹிண்டனிலிருந்து கிழக்கே பனாகருக்குக் கொண்டுபோனார்கள். நிரப்பியவை சாலையிலும் ரயிலிலும் திரும்பின. போகிற வழியில் மிச்சமான நேரம் உயிர்களைக் காத்த நேரம். டேங்கரையே சுமக்கும் விமானத்தை அந்த வாரத்தில் கடையில் போய் வாங்கிவிட முடியாது. ஏற்கெனவே வைத்திருந்ததால் பறந்தது.

செலவு அதிகம் என்பது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். போர் விமானக் கொள்முதலில் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் உண்மையில் கண்டிக்க வேண்டிய கணக்கு வேறொன்று. வயநாடு நிலச்சரிவு உள்பட, பல பேரிடர்களில் வான்வழி மீட்புக்கு ஆன செலவென்று 132 கோடி ரூபாய்க்கும் மேல் கேட்டு 2024-ல் ஒன்றிய அரசிடமிருந்து கேரளத்துக்குக் கடிதம் போனது. அந்த விமானங்களுக்கும் விமானிகளுக்கும் மலையாளிகள் உட்பட நாட்டு மக்கள் எல்லோரும் ஏற்கெனவே வரி கட்டியிருக்கிறார்கள். பில் வரும் என்று தெரிந்தால், வெள்ளத்தின் நடுவே ஹெலிகாப்டர் கேட்க வேண்டிய அதிகாரி ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த யோசனைக்கு இடமே இருக்கக் கூடாது. பேரிடர் மீட்புக்கு மாநிலங்களிடம் கட்டணம் கேட்கும் வழக்கத்தை ஒன்றிய அரசு கைவிட வேண்டும்.