முரசுக்கு அஞ்சிய சட்டம்

அமெரிக்க அடிமைகள் பெரிதாகக் கிளர்ந்தெழவில்லை, ஆகவே அடங்கிப் போனார்கள் என்கிறார் ஒரு கட்டுரையாளர். கலகங்களை எண்ணியவர் எசமானர்கள் எழுதிய சட்டங்களையும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். 1739 செப்டம்பர் 9, ஞாயிறு. தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றருகே சுமார் 20 அடிமைகள் ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, முரசறைந்து, ‘விடுதலை’ என்று கூவியபடி தெற்கே நடந்தார்கள். வெறும் ஆத்திரமா அது? தெற்கே ஸ்பானியரின் ஃபுளோரிடா, தப்பி வருவோருக்கு விடுதலை என்று அறிவித்திருந்தது. வெள்ளையர் தேவாலயத்துக்குத் துப்பாக்கியோடு வரவேண்டும் என்ற சட்டமோ அந்த மாதக் கடைசியில்தான் அமலாகவிருந்தது.

தோற்றார்கள், உண்மைதான். ஆயுதமும் குதிரையும் எதிரியிடம் இருக்கையில் தோல்வியைச் சம்மதம் என்று எழுதலாமா? அந்தக் கிளர்ச்சியை அடுத்து 1740இல் அங்கே வந்த சட்டம் முரசையும் கொம்பையும் தடைசெய்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம் என்றது. அடங்கிக் கிடந்தவனின் முரசை எதற்குப் பிடுங்கினார்கள்? கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.